பதினோராவது பக்கம்

தோட்டப்பாளையம், வேலூர்
21 ஜனவரி 2026

அன்புள்ள கிரிஜா,

ஏழு மாதமாகப் பதில் போடாதவளுக்கு என்ன தண்டனையோ அதை இப்போதே விதித்துவிட்டு மேலே படி. போனில் பேசினால் என்ன என்பாய். போனில் நீதான் பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன். இதை நான்தான் பேசியாக வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். எனக்குச் சர்க்கரை 150-ல் நிற்கிறது. கார்த்திகையில் வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண்ணுக்கு மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். அண்ணாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? பொங்கலுக்கு நீ அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி மாவாக வந்ததால் ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டேன். நன்றி.

சரி, புத்தகக் கணக்கு. நீ கேட்ட ‘காலா பாணி’யை ஆடியிலேயே முடித்தேன். வேங்கை பெரிய உடையணத் தேவரைக் கம்பெனிக்காரர்கள் பினாங்குக்குக் கப்பலேற்றிய கதை. உழைப்பு தெரிகிறது. ஆவணம் கதையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொள்கிற இடங்களில் மட்டும் எனக்குக் கொட்டாவி வந்தது. அண்ணாவுக்குக் கொடு, அவருக்குப் பிடிக்கும். ஹான் காங்கின் ‘மரக்கறி’யை நீ தொடாதே. ஒரு பெண் திடீரென்று கறி சாப்பிட மாட்டேன் என்கிறாள், அதற்குக் குடும்பமே அவள் மேல் பாய்கிறது. ஆம்பூரில் பிறந்த உனக்கு முதல் அத்தியாயத்திலேயே காய்ச்சல் வரும். பேர்ணாம்பட்டு அழகிய பெரியவனின் ‘வல்லிசை’யை இரண்டாவது முறையாகப் படித்தேன். நம் பக்கத்துப் பேச்சை அச்சில் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் வேறு எதிலும் இல்லை.

ஜப்பான்காரர் ஹிகாஷினோ எழுதிய ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ என்ற துப்பறியும் கதையை உனக்கு பார்சலில் அனுப்புகிறேன். கணக்கு வாத்தியார் ஒருவர் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காப்பாற்ற ஒரு கொலையை மறைக்கிறார். கொன்றது யார் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்தும் விடிய விடியப் படித்தேன், காலையில் பால்காரர் பெல் அடித்தபோது திடுக்கிட்டுப் போனேன். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற உன் கெட்ட புத்தி தெரியும் என்பதால் கடைசி நாற்பது பக்கத்துக்கு ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன். பிரித்தால் எனக்குத் தெரியும்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ வந்து வருஷக்கணக்காகிறது, 2020-க்கான சாகித்திய அகாதெமி பரிசும் வாங்கிவிட்டது, நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். காரணம் உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் குடியிருப்பவளுக்கு நாவலிலும் ஆஸ்பத்திரியா? கடைசியில் எடுத்தேன். இஞ்சினியரிங் படித்த ரேவதி, ஆட்டோ ஓட்டுகிற ரவியைப் பிடிவாதமாகக் கட்டிக்கொள்கிறாள். தீக்காயத்தோடு ஜிப்மருக்கு வந்து சேர்கிறாள். அப்பா தலைமையாசிரியர், வீட்டில் பணம் இருக்கிறது. அந்தப் பணம் வராந்தாவிலேயே நிற்கிறது, வார்டுக்குள் போக முடியவில்லை. முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரே வாக்கியத்தை எத்தனை தரம்தான் சொல்வார்கள், எடிட்டர் என்று ஒருவர் இல்லையா என்று பென்சிலால் ஓரத்தில் எழுதக்கூட எழுதினேன். மறுநாள் காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது எதிர் லாட்ஜ் வாசலில் ஒரு பெரியவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். பாஷை புரியவில்லை. ஆனால் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார் என்று மட்டும் புரிந்தது. ஒவ்வொரு தரமும் வேறு வேறு ஆளிடம். உள்ளே வந்து பென்சில் எழுத்தை அழித்தேன்.

நீ பார்த்த தெரு இல்லை இது. வங்காள எழுத்தில் போர்டு வைக்காத கடை, எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற தையல்காரர் கடை ஒன்றுதான். மீன்குழம்பு மெஸ், போன் ரீசார்ஜ், ரயில் டிக்கெட், எல்லாம் வைத்தியத்துக்கு வருகிற வங்காளிகளுக்காக. எங்கள் மாடியிலும் புரட்டாசியிலிருந்து கொல்கத்தா பக்கத்துத் தம்பதி குடியிருக்கிறார்கள். அவருக்கு ரத்தத்தில் ஏதோ, நீண்ட வைத்தியம். அந்தம்மா மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு தடிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருப்பார். எனக்கு வங்காளம் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவரின் இந்தியும் நொண்டி. ஒருநாள் சும்மா, ‘ஆரோக்கிய நிகேதனம்’ என்றேன். நம் பி.எட். விடுதியில் அட்டை பிய்ந்து கிடந்ததே, த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்ப்பு, அதுதான். ‘ஆரோக்கோ நிகேதொன்!’ என்று கத்திவிட்டார். எழுதிய தாராசங்கர், கதையில் வரும் வைத்தியர் ஜீவன் மொஷாய் என்று பெயர்களாக இருவரும் அடுக்கினோம். அப்புறம் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, நாடி பார்ப்பதுபோல் கண்ணை மூடிக் காட்டினார். இருவரும் சிரித்தோம். அந்தக் கதையில் நாடி பிடித்தால் வைத்தியருக்குச் சாவு வருவது தெரிந்துவிடும் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது போல. கையை விட்டுவிட்டு மாடியைப் பார்த்தார். நான் ரசம் கொதிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். 1956-ல் பரிசு வாங்கிய நாவல் அது. இந்தத் தெருவுக்கு அதைவிடப் புதிய நாவல் கிடையாது.

தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ பற்றி நீயே போன கடிதத்தில் எழுதிவிட்டாய். நானும் அதில் வருகிற காரு மாமா கட்சிதான். ஆனால் முதல் முப்பது பக்கம் யார் யாருக்கு என்ன முறை என்று நோட்டுப் போட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது. வயதாகிறது எனக்கு, நாவலுக்கு இல்லை.

இனிமேல்தான் விஷயம்.

அருந்ததி ராய் தன் அம்மாவைப் பற்றி எழுதிய ‘மதர் மேரி கம்ஸ் டு மீ’யை மருமகள் வாங்கி வந்தாள். போன வருஷம் வந்த புத்தகம். மேரி ராய் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். 1986-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்து, சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்கும் அப்பன் சொத்தில் சமபங்கு என்று ஆனபோது, விடுதி மொட்டைமாடியில் உட்கார்ந்து நம் லில்லி அழுதாளே, அந்த மேரி ராய். கோட்டயத்தில் அவர் நடத்திய பள்ளியில் பெற்ற பிள்ளைகளும் அவரை ‘மிஸஸ் ராய்’ என்றுதான் கூப்பிட வேண்டுமாம். ஊருக்கெல்லாம் நியாயம் வாங்கிக் கொடுத்த அம்மா, வீட்டுக்குள் இடிமின்னல். மகள் எதையும் மறைக்கவில்லை, ஆனாலும் அந்த அம்மாவைச் சின்னதாக்கவில்லை. இரண்டும் எப்படி ஒரே கையால் முடிகிறது என்று வியந்துகொண்டே படித்தேன். கேஸ், அரசியல் என்று போகிற இடங்களில் மட்டும் எனக்குப் பொறுமை இல்லை, அம்மா எப்போது வருவாள் என்று தேடினேன். மேரி ராய் 2022-ல் போய்விட்டார். இருந்திருந்தால் இந்தப் புத்தகத்தைச் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பார்.

அது ஆறுவதற்குள் பெருமாள்முருகனின் ‘தோன்றாத் துணை’யை எடுத்தேன். அதுவும் அம்மாதான். அங்கே இடிமின்னல் இல்லை. காடு, ஆடு, அடுப்பு. மகன் குரலே உயர்வதில்லை. கொஞ்சம் கோபப்படேன் ஐயா என்று தோன்றியது. ஆனால் மூடி வைத்துவிட்டு என் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். ராய் புத்தகத்துக்கு அப்படி நினைக்கவில்லை. எது நல்ல புத்தகம் என்று நீயே சொல்.

அப்புறம் ஆபரேஷன். புதுக் கண்ணாடி வரும்வரை ஒரு மாதம் புத்தக எழுத்து தெரியவில்லை. பைத்தியம் பிடிக்காத குறை. பேரனின் ஸ்கெட்ச் பேனாவையும் கோடு போடாத நோட்டையும் எடுத்து, கொட்டைப்பாக்கு அளவு எழுத்தில் எழுத ஆரம்பித்தேன். படிக்க முடியாதவள் வேறு என்ன செய்வாள்?

அம்மாவைப் பற்றித்தான் முதலில். குடியாத்தம் வீட்டுக்கு நீ வந்தபோது அவள் முறத்தைத் தாண்டித்தான் உள்ளே வந்தாய். ஈர இலையின் மேல் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். தூளை இரண்டு விரலால் எடுத்துப் போட்டு, உருட்டி, நூலை இரண்டு சுற்று சுற்றி, வாயை மடக்கி முறத்தில் போடுவாள். என்னிடம் பேசிக்கொண்டே, பார்க்காமலே. இருபத்தைந்து ஒரு கட்டு. கொண்டுபோய்க் கொடுத்தால் நல்லதிலேயே இரண்டு கட்டு சரியில்லை என்று ஒதுக்குவார்கள், வாயைத் திறக்கக் கூடாது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அவள் கொல்லைப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒதுக்கித் திரும்பி வந்ததில் ஒன்றைப் பற்றவைத்துக் குடிப்பாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் பார்த்தேன். இருட்டில் ஒரு சிவப்புப் புள்ளி, மெதுவாக ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கும். அதையும் எழுதிவிட்டேன்.

ஆற்காட்டு அண்ணன் கண்ணைப் பார்க்க வந்திருந்தார். புத்தி கெட்டுப்போய் அவரிடம் படித்துக் காட்டினேன். ‘இன்னா எழுதி வெச்சிக்கீற நீ? எங்கம்மா பீடி குடிச்சவளா? சம்பந்தி வீட்டுல யாராவது படிச்சா இன்னா ஆவுறது?’ என்று எழுந்தவர், காபியைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டார். ஒன்பது நாள் பேச்சில்லை. பத்தாவது நாள் ராத்திரி போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை, ஒன்றுமில்லை. ‘அது ஒதுக்குனது இல்ல. நல்லதுலதான் ஒன்னு எடுப்பா’ என்றார். வைத்துவிட்டார்.

திருத்திவிட்டேன். அண்ணன் கதை அதோடு முடிந்தது. உன் கதைதான் முடியவில்லை.

உன்னைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதியிருக்கிறேன், கிரிஜா. பயப்படாதே, அந்தக் கொட்டை எழுத்துக்குப் பதினோரு பக்கம், ஒழுங்காக எழுதினால் மூன்றுதான் வரும். காட்பாடி ஸ்டேஷன் ராத்திரிதான். பெஞ்சில் நீ, மடியில் அந்தப் பச்சைப் பெட்டி, வராத ஆளுக்காக நீ வாங்கி வைத்திருந்த இரண்டாவது டிக்கெட். முதலில் நாவல் மாதிரி செய்து பார்த்தேன். உன் பெயரை சரஸ்வதி ஆக்கினேன், காட்பாடியை ஜோலார்பேட்டை ஆக்கினேன். சரஸ்வதி அழுதாள். நீ அழவில்லையே. பசிக்கிறது, இட்லி வாங்கி வா என்றுதானே சொன்னாய். சரஸ்வதியால் அதைச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு மறுபடி கிரிஜா என்று எழுதினேன், இட்லி தானாக வந்தது.

எழுதி முடித்து, புதுக் கண்ணாடி போட்டுப் படித்தால் எனக்கே குமட்டியது. பத்துப் பக்கத்திலும் நான் எவ்வளவு நல்லவள்! தோழிக்காக நடுராத்திரியில் ஓடிவந்தவள், இட்லி வாங்கிக் கொடுத்தவள், தோளில் சாய்த்துக்கொண்டவள். மு.வ.வின் ‘அகல் விளக்கு’ நாவல் பாடமாக இருந்தபோது எனக்கு நீ வைத்த பெயர் சரியாகத்தான் இருக்கிறது. சந்திரன் கெட்டு அழிகிறான், வாலாஜாப்பேட்டை வேலய்யன் பக்கத்தில் நின்று வருத்தப்பட்டுக்கொண்டே கதை சொல்கிறான். சட்டையில் ஒரு கறை படுவதில்லை. அப்போது நீ வகுப்பிலேயே எழுந்து, ‘சந்திரன் எழுதியிருந்தால் வேலய்யனைப் பற்றி என்ன எழுதியிருப்பான் சார்?’ என்று கேட்டாய். ஐயா உட்காரச் சொல்லிவிட்டார். அந்தக் கேள்விக்கு நாற்பது வருஷம் கழித்து நான்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது.

பதினோராவது பக்கத்தை அப்புறம்தான் எழுதினேன். மற்ற பத்துக்கும் ஆன நேரம் அந்த ஒன்றுக்கு ஆயிற்று. நீ ஸ்டேஷனுக்குப் போயிருப்பது வார்டனுக்கு எப்படித் தெரிந்தது, உன் அப்பா எப்படி விடிவதற்குள் வந்து நின்றார் என்பது அதில் இருக்கிறது.

லில்லி சொல்லவில்லை.

அவள் கல்யாணத்துக்கு நீ போகவில்லை. நானும், உனக்காக என்று சொல்லிக்கொண்டு, போகவில்லை. இதற்கு மேல் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை, நோட்டில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் எடுத்து அந்த ஜப்பான் கதைக்கு உள்ளே வைத்திருக்கிறேன். வேறு யாருக்கும் படித்துக் காட்டவில்லை. கிழித்துவிடு என்று ஒரு வரி போட்டால் நோட்டையே கிழித்துவிடுகிறேன். திட்டுவதானால் போனில் திட்டு, இந்தத் தரம் ‘ம்’ மட்டும் கொட்டுகிறேன்.

அதற்கு ஸ்டேப்ளர் அடிக்கவில்லை. எப்படியும் நீ கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாய்.

லில்லி இப்போது எங்கே இருக்கிறாள் என்று உன் ஆம்பூர் சித்திக்குத் தெரியுமா? கேட்டுச் சொல்.

உன்
வேலய்யன்