வாக்குச்சீட்டில் கஞ்சா

ஆசிரியர் அவர்களுக்கு,

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க அமெரிக்க மாநிலங்கள் நடத்தும் வாக்கெடுப்பு பற்றி எழுதுவோர் ஜெயித்ததா, தோற்றதா என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மக்கள் முன் வைக்கப்பட்டது சாதாரணச் சட்டமா, அரசியலமைப்புத் திருத்தமா என்பதையல்லவா முதலில் பார்க்க வேண்டும்? 2024 நவம்பரில் ஃபுளோரிடாவின் 3ஆம் திருத்தம் ஏறக்குறைய 56 சதவீத வாக்கு வாங்கியும் தோற்றது. அங்கே திருத்தம் நிறைவேற 60 சதவீதம் தேவை. 2023இல் ஓஹாயோவில் வென்றது சாதாரணச் சட்டம். சட்டமன்றம் நினைத்தால் அதில் கைவைக்கலாம். தெற்கு டகோட்டாவில் கதையே வேறு. 2020இல் மக்கள் ஏற்ற திருத்தம் ஒன்றுக்கு மேற்பட்ட விஷயங்களைக் கலந்துவிட்டது என்று சொல்லி, மாநில உச்ச நீதிமன்றம் மறு ஆண்டே ரத்து செய்தது.

வீட்டில் கஞ்சாச் செடி வளர்ப்பதற்கான விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். 2012இல் ஒரே நாளில் வாக்களித்த இரண்டு மாநிலங்களில், கொலராடோ 21 வயது நிரம்பியவருக்கு 6 செடி வரை அனுமதித்தது (பூப்பவை 3 மட்டுமே). வாஷிங்டன் மாநிலச் சட்டமோ கடையில் வாங்கத்தான் வழிவிட்டது.

கிரீன் கார்டில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டப்படி இது குற்றமே. கஞ்சா பயன்படுத்தியதும், கஞ்சாக் கடையில் வேலை பார்த்ததும்கூட, குடியுரிமைக்கான நன்னடத்தை நிபந்தனையில் இடிக்கலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது. பிரசாரத் துண்டறிக்கைகளில் இந்த வரி மட்டும் ஏனோ அச்சாவதே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்