மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். பி.பி. 120/80-க்கு வந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று போனில் கேட்டாய். அப்போதிருந்து மனம் பதறிக்கொண்டே இருக்கிறது. அளவு இறங்கியதே அந்த மாத்திரையால்தான் அப்பா.

நீ சாப்பிடும் மெட்டோப்ரோலால், பீட்டா பிளாக்கர் வகை. கோபமோ பயமோ வந்தால் சுரக்கும் அட்ரினலின், இதயத்தில் அதன் கட்டளையை ஏற்றுக்கொள்ளும் பீட்டா ஏற்பிகளைத் தூண்டித் துடிப்பை விரட்டும். மருந்து அந்த ஏற்பிகளை முந்திப் பிடித்துக்கொள்கிறது. துடிப்பு நிதானமாகி, இதயத்தின் வேலை குறைகிறது. சிறுநீரகத்தில், ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் ரெனின் சுரப்பதும் குறைவதால் ரத்த அழுத்தம் தணிகிறது. இந்த வகையில் ப்ராப்ரனலாலை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு நெஞ்சுவலி தணிந்திருக்கும்!

ஆனால் ஏற்பிகள் மறிக்கப்பட்டிருக்கும்போது உடல் சும்மா இருப்பதில்லை, புதிய ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையைச் சட்டென்று விட்டால் அத்தனையும் ஒரேயடியாகத் தூண்டப்படும். படபடப்பு வரும், பி.பி. ஏறும். இதய நோய் இருப்பவர்களுக்கு மாரடைப்பு வரைகூடப் போகும். வார்டில் வேலை பார்த்த காலத்தில், தானாக மாத்திரையை விட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறுத்த வேண்டுமென்றால் டாக்டர்தான் ஓரிரு வாரங்களில் படிப்படியாகக் குறைப்பார்.

உன் அப்பாவுக்கும் இதே மருந்துதான். சில்வர் பீச்சில் நடந்துவிட்டு வந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பேன். வெயில் ஏறியிருந்தாலும் விரல் நுனி சில்லென்று இருக்கும். நாடி அறுபதை ஒட்டிச் சீராக ஓடும். கை கால் குளிர்வதும் நீ சொல்லும் சோர்வும் இந்த மருந்தால் வரக்கூடியவைதான். அதை டாக்டரிடம் சொல். அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாற்றுவார். வெறும் ரத்த அழுத்தத்துக்கு இப்போது பலரும் இதை முதல் மருந்தாகத் தருவதில்லை. உனக்குப் படபடப்பும் இருந்ததால் எழுதியிருப்பார்.

சிறுவயதில் உனக்கு வீசிங் வந்து இரவெல்லாம் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்திருப்பேனே, அதை டாக்டரிடம் சொன்னாயா? இந்த மருந்து பெரும்பாலும் இதயத்தோடு நின்றாலும், அளவு கூடினால் மூச்சுக்குழாயையும் இறுக்கும். மறக்காமல் சொல்.

அதுவரை இன்றைய மாத்திரையை விடாதே. நீண்ட நேரம் கரையும் வகை என்பதால் மெல்லாமல் விழுங்கு. டாக்டரைப் பார்த்துவிட்டு அன்றைக்கே போன் செய்.

அன்புடன்,
அம்மா