ரத்தம் நின்றதும் மாத்திரையை நிறுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் எனும் பெருங்குடல் அழற்சியில், மலத்தில் ரத்தம் நின்றதுமே பலர் அழற்சியை அடக்கிவைக்கும் மெசலமைன் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வெளியே அடங்கினாலும் உட்சுவரில் புண் மிச்சமிருக்கலாம். மலப் பரிசோதனையில் கால்ப்ரோடெக்டின் எனும் அழற்சிப் புரதம் கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால், அழற்சி தொடர்கிறது என்றே பெரும்பாலும் பொருள். பெரியவர்கள் பொதுவாகத் தினமும் குறைந்தது 2 கிராம் மெசலமைன் தொடர வேண்டியிருக்கும். மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. மேல்பூச்சு சிதைந்தால் மருந்து பெருங்குடலை எட்டுமுன்பே உறிஞ்சப்பட்டுவிடும். சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியாட்டினின் அளவைப் பாருங்கள்.

ப்ரெட்னிசோலோன் எனும் ஸ்டீராய்டு மாத்திரை அப்படியல்ல. அது தீவிரத்தை அடக்க மட்டுமே. மருத்துவர் சொல்லும் கணக்கில், வழக்கமாக வாரம் 5 மில்லிகிராம் வீதம், குறைத்தே நிறுத்த வேண்டும். சட்டென்று விட்டால், உடலுக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சுரந்து அட்ரீனல் சுரப்பியால் உடனே ஈடுகொடுக்க முடியாது. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டாம், நோயைக் கிளறிவிடக்கூடும்.

உணவு மருந்துக்கு மாற்றாகாது. நோய் தீவிரமாக இருக்கும்போது பழத்தோல், விதை, பச்சைக் காய்கறிகளைக் குறைக்கலாம். அடங்கியபின் நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகத் திரும்பச் சேர்க்கவேண்டும். பயந்து ஒவ்வொன்றாக ஒதுக்கியே பலர் இளைத்துப்போகிறார்கள்.

இப்படிக்கு,
குடல்நோய்ப் பிரிவு மருந்தாளுநர்கள், உணவியலாளர்கள்