செயலாளரின் ஆண்டறிக்கை: நாய்களுக்கு இடம் கொடுத்த வீடுகள்

தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, வீட்டில் நாய்களுக்கு இடம் கொடுத்து வரும் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நம் சங்கத்தின் வேலை இந்த ஆண்டும் மாறவில்லை. தோட்டத்திலும் தாமான் குடியிருப்பு ஓரத்திலும் கைவிடப்பட்ட நாய்களை, எடுத்து வளர்க்க ஆள் கிடைக்கும்வரை உறுப்பினர் வீடுகளில் வைத்துப் பார்த்தோம். செயலவை மாதந்தோறும் கூடியது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டிய பாரங்கள் தயாராக உள்ளன. மற்றதைச் சுருக்கிக்கொண்டு, இந்த ஆண்டு நம்மை அதிகம் வருத்திய வீட்டுச் சுத்தத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆகஸ்டு மாதம் தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்துக்குப் பின்னால் கிடைத்த நான்கு குட்டிகளை ஓர் உறுப்பினர் வீட்டில் விட்டோம். மூன்றாம் நாள் வாந்தி, ஐந்தாம் நாள் ரத்தக் கழிச்சல். குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்னும் தொற்றுநோய். மூன்று குட்டிகள் இறந்துபோயின. அந்த அம்மா அழுதுகொண்டே இரண்டு நாள் வீட்டைத் தேய்த்துக் கழுவினார், மணக்க மணக்கத் துடைத்தார். ஐந்து வாரம் கழித்து வேறு இரண்டு குட்டிகளை நான்தான் அங்கே அனுப்பினேன். ஒரு வாரத்தில் அவையும் படுத்துவிட்டன, ஒன்றுதான் பிழைத்தது. தரை பளிச்சென்றுதான் இருந்தது, கிருமி மட்டும் போகவில்லை. அனுப்புமுன் நான் மருத்துவரைக் கேட்டிருக்க வேண்டும். அது என் தவறு, அந்த அம்மாவின் தவறு அல்ல என்பது குறிப்பேட்டில் இருக்கட்டும்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். பார்வோ கிருமி சோப்புக்கும், நாம் வாங்கும் பல தரைத் திரவங்களுக்கும் சாகாது. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் ஓராண்டுகூடத் தங்கும். குளோரோக்ஸ் என்னும் வெளுப்புத் திரவம் அதைக் கொல்லும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் மலம், வாந்தி எல்லாவற்றையும் அள்ளிவிட்டு, சோப்புத் தண்ணீரால் தேய்த்து நன்றாக அலச வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்தின் சக்தி அழுக்கிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் 1 பங்கு குளோரோக்ஸுக்கு 30 பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலக்கியது. தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். நம்மில் பலர் ஊற்றிய கையோடு துடைத்துவிடுகிறோம், நானும் அப்படித்தான் செய்துவந்தேன். கடைசியில் அலசி, காய்ந்த பிறகே நாயை உள்ளே விடுங்கள், அது பாதத்தை நக்கும். மூத்திரத்தின் மேல் நேராகக் குளோரோக்ஸ் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் நச்சுப்புகை வரும். வேறு திரவங்களோடும் கலக்க வேண்டாம், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மண் வாசலை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஆகவே பார்வோ வந்த வீட்டுக்கு ஓராண்டுக்குக் குட்டிகளை அனுப்புவதில்லை என்று செயலவை முடிவு செய்தது. குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை தடுப்பூசி போட வேண்டும். ஓர் ஊசியோடு நிறுத்திவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது.

இனிமேல் புதிதாக வரும் எந்த நாயும் 14 நாள் தனி இடத்தில் இருக்கும். தனித் தட்டு, தனித் துடைப்பம், அந்த இடத்துக்கென்று ஒரு ஜோடி ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு). வீட்டு நாய்களைக் கவனித்து முடித்த பிறகு கடைசியாகத்தான் புது நாயிடம் போக வேண்டும். படுக்கைக்கு மெத்தை வேண்டாம், பழைய கைலி போதும். துவைக்கலாம், வெயிலில் போடலாம், மோசமானால் தூக்கி எறியலாம். கைலி கொடுத்து உதவிய தோட்டத்து அம்மாக்களுக்குச் சங்கத்தின் நன்றி.

செம்பனைத் தோட்டத்து நாய்கள் உண்ணியோடுதான் வருகின்றன. தரையை மட்டும் துடைத்தால் உண்ணி போகாது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி சுவர் ஏறி, விரிசலிலும் கதவுச் சட்டத்துக்குப் பின்னாலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மருந்து, விரிசலுக்குப் பூச்சு, இரண்டும் வேண்டும். பிடுங்கிய உண்ணியை விரலால் நசுக்காதீர்கள், சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

மலத்தை அன்றன்றே அள்ளச் சொல்வது வாடைக்காக மட்டுமல்ல. வயிற்றுப் புழுவின் முட்டை வெளியே வந்தவுடன் தொற்றாது, இரண்டு வாரம் போலக் கிடந்த பிறகே தொற்றும். தினமும் அள்ளினால் தொற்று அங்கேயே நின்றுவிடும். கொக்கிப்புழு வெறுங்கால் தோல் வழியாகவே ஏறும், பிள்ளைகளைச் செருப்பில்லாமல் வாசலில் விடாதீர்கள். நாய்ச் சோற்றை இரவில் திறந்து வைத்தால் எலி வரும். எலியின் மூத்திரத்திலிருந்து வரும் காய்ச்சல் நாயையும் பிடிக்கும், நம்மையும் பிடிக்கும்.

ஒரு வீட்டில் நாயைக் குளிப்பாட்டிய தண்ணீர் பக்கத்து மலாய்க் குடும்பத்தின் வாசல் வரை ஓடியது. நாயின் ஈரம் பட்டால் ஏழுமுறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியது அவர்கள் சமயமுறை. அந்தப் பெரியவர் கோபப்படாமல், பொறுமையாக வந்து சொன்னார். மறுநாளே குளிப்பாட்டும் இடத்தைப் பின்பக்கம் மாற்றி, சிறு சிமெண்டு வரப்பு கட்டினோம். இப்போது அவரே அந்த வீட்டு வாசல் கேட் திறந்திருந்தால் கூப்பிட்டுச் சொல்கிறார். பக்கத்து வீட்டார் முகம் சுளித்தால் அந்த வீட்டுக்கு அடுத்த நாயை அனுப்ப முடியாது. ஆகையால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்காமல் எந்த வீட்டையும் இனி நாங்கள் பட்டியலில் சேர்க்கப் போவதில்லை.

அடுத்த ஆண்டுக்கு அளவுக் கோப்பையோடு ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாளி வாங்க அனுமதி கேட்கிறோம். ஒன்று கழுவ, ஒன்று மருந்துக்கு. ஆகஸ்டில் குட்டிகளை இழந்த அம்மா மீண்டும் கேட்டிருக்கிறார். ஓராண்டு முடியும்வரை, தடுப்பூசி முழுதாகப் போட்ட பெரிய நாய்களை மட்டும் அவரிடம் விடுகிறோம். முதல் நாய், ஒரு கிழட்டுப் பெட்டை, போன வாரம் அங்கே போய்ச் சேர்ந்தது.

இப்படிக்கு,
செயலாளர்