கரணையும் மெழுகும் வகுப்பறைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணம் வட்டாரத்தில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஓர் ஒலியின் அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேற்சுரங்கள் பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் அலைகளை வரைந்தே நடத்தினேன். மாணவர்கள் சூத்திரத்தை எழுதி மதிப்பெண் பெற்றார்களே தவிர, அது எந்த ஒலியைக் குறிக்கிறது என்பதை ஒருவரும் கேட்டறிந்ததில்லை.

ஓராண்டு, மிருதங்கம் செய்யும் பெரியவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தேன். ‘கரணை’ என்னும் கரும்பூச்சை நடுவில் இடாத வலந்தலையையும் (மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல்முகம்), கரணை இட்டு முடித்த வலந்தலையையும் அவர் அடுத்தடுத்துத் தட்டிக் காட்டினார். முதலாவதில் வெறும் ஓசை எழுந்து அடங்கியது. இரண்டாவதில் சுருதி நின்றது. சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலின் மேற்சுரங்கள் அடிப்படை அதிர்வெண்ணின் முழு எண் மடங்குகளாக அமைவதில்லை என்பதையும், சோற்றோடு கருநிறக் கற்பொடியைப் பிசைந்து நடுவில் அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் எடையே அவற்றை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளுக்கு அருகே கொண்டுவருகிறது என்பதையும் அதன் பிறகு நான் சொன்னபோது, விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920ஆம் ஆண்டு ‘நேச்சர்’ அறிவியல் இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். பெரியவரை மாணவர்கள் ‘சார்’ என்று அழைத்துக் கேள்வி கேட்டார்கள். அவ்வளவு கேள்விகளை என் பாடத்தில் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

உலோகச் சிலைகள் வார்க்கும் சுவாமிமலைப் பட்டறைகளிலும் இப்படியே. மெழுகு உருவின் மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிய பின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மெழுகை எடை போட்டாலே எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். உலோகக் கலவையின் அடர்த்தி மெழுகைப் போல் எட்டு, ஒன்பது மடங்கு. அடர்த்தியைப் பற்றி இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையையோ சொல்லவே வேண்டியதில்லை; கனத்த அடிப்பகுதியால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதைக் குழந்தை தன் கையால் சாய்த்துப் பார்த்தே அறியலாம்.

தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் செப்புத் திருமேனிகளைக் காண வரும் பொதுமக்களுக்கும் வார்ப்பு முறையைப் படிப்படியாக மாதிரிகளுடன் காட்டினால், வணங்கிச் செல்வோரும் வியந்து செல்வோரும் அதன் நுட்பத்தையும் அறிந்து செல்வர்.

பள்ளிக்கு வரும் கைவினைஞர் அன்றைய கூலியை இழந்தே வருகிறார். பெரியவருக்கு அன்று என் கையிலிருந்து கொடுத்தது போதுமானதாக இல்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. ஆகவே, அறிவியல் கண்காட்சிகளுக்காகச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இவர்களுக்கான மதிப்பூதியத்துக்கும், மாணவர்கள் பட்டறைகளுக்குச் சென்றுவரும் பேருந்துக் கட்டணத்துக்கும் டெல்டா மாவட்டங்களின் கல்வி அதிகாரிகள் வரும் கல்வியாண்டிலேயே ஒதுக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கும்பகோணம்.