நம்பர் கணித்துத் தரும் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாருக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன்களுக்கு நாலு நம்பர் (4D), டோட்டோ என்ற லாட்டரிகளுக்கு எண் கணித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். அந்தப் பட்டியலை நம்பி ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் (லிட்டில் இந்தியா) லாட்டரிக் கடை வரிசையில் நிற்கும் ஒரு தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன் நான்.

அவன் தலைமாட்டில் ஒரு கட்டம் போட்ட நோட்டு இருக்கிறது. நீங்கள் அனுப்பும் 'ரொம்ப நாளா வராத நம்பர்' எல்லாம் நீல மையில். பணம் கட்டியவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒரே நம்பருக்கு ஏழு மாதமாக வட்டம் போட்டு வருகிறான். "அஞ்சு வருஷமா வரலண்ணே, இனி வந்துதானே ஆகணும்?" என்று போன வாரம் கேட்டான். அந்த நோட்டிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

0000 முதல் 9999 வரை 10,000 எண்கள். ஒரு குலுக்கலில் பரிசு 23 எண்களுக்கு. புதன், சனி, ஞாயிறு என்று ஐந்து வருடத்துக்குச் சுமார் 780 குலுக்கல். ஓர் எண் இத்தனையிலும் வராமல் போக ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அதாவது, எந்தக் கோளாறும் இல்லாமலே எப்போது பார்த்தாலும் 1,600 எண்களுக்கு மேல் ஐந்து வருடமாக வராமல்தான் கிடக்கும். தம்பியின் நம்பர் அவற்றில் ஒன்று. அடுத்த குலுக்கலில் அதற்கு 10,000-இல் 23 வாய்ப்பு. நேற்று விழுந்த நம்பருக்கும் அதே 23. இதற்கு முன் என்ன விழுந்தது என்று அந்த இயந்திரத்துக்குள் யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இத்தாலி லோட்டோவில், வெனிஸ் நகரக் குலுக்கலில் 53 என்ற எண் ஏறக்குறைய இரண்டு வருடம் வரவே இல்லை. வந்தே தீரும் என்று அந்த ஒற்றை எண்ணில் குடும்பச் சேமிப்பைக் கொட்டியவர்கள் ஏராளம். 2005 பிப்ரவரியில் ஒருவழியாக வந்தது. அதற்குள் உயிரை விட்டவர்களும் உண்டு.

டோட்டோவுக்கு வருகிறேன். 'அடுத்தடுத்த எண்களைத் தவிர்க்கவும்' என்று எழுதுகிறீர்கள். 49 எண்களில் ஆறு எடுக்க 1,39,83,816 வழிகள். 1, 2, 3, 4, 5, 6 அதில் ஒரு வழி. நீங்கள் அலசி ஆராய்ந்து கொடுப்பதும் ஒரு வழி. இரண்டுக்கும் வாய்ப்பு ஒன்றே. இன்னொன்றும் பாருங்கள்: 14, 15 போல ஒட்டிய ஜோடி ஒன்றாவது உள்ள வழிகள் மொத்தத்தில் கிட்டத்தட்ட பாதி. வராது என்று நீங்கள் ஒதுக்கச் சொல்வது அந்தப் பாதியை. தென்னாப்பிரிக்காவின் பவர்பால் லாட்டரியில் 2020 டிசம்பர் 1 அன்று 5, 6, 7, 8, 9 விழுந்து, பவர்பால் எண்ணாக 10 வந்தது. பெரிய பரிசை 20 பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமுள்ளது அது ஒன்றுதான்: பலரும் விரும்பி எழுதும் வரிசையும் பிறந்தநாள் தேதியும் விழுந்தால் கைக்கு வரும் பங்கு குறையும். விழும் வாய்ப்பு மட்டும் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

தம்பியை நிமிர்ந்து உட்கார வைத்த கணக்கு வேறு. நாலு நம்பரில் 'பெரியது' என்ற வகையில் ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டினால் முதல் மூன்று பரிசு 2,000, 1,000, 490. அடுத்த பத்து எண்களுக்குத் தலா 250, இன்னொரு பத்துக்குத் தலா 60. 10,000 எண்களிலும் ஒவ்வொரு வெள்ளி கட்டினால்? ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எல்லாப் பரிசையும் அள்ளி வரலாம். கட்டியது 10,000 வெள்ளி, வருவது 6,590. இதைவிட நல்ல பட்டியல் எவராலும் தர முடியாது. அதிலேயே வெள்ளிக்கு 34 காசு போகிறது.

நீங்கள் வேண்டுமென்றே ஏமாற்றுகிறீர்கள் என்று சொல்லமாட்டேன். உங்களில் பலரும் அதே நம்பரில் பணம் கட்டுகிறீர்கள் என்று தெரியும். ஆனால் ஓவர்டைம் பார்த்த காசிலிருந்து மாதச் சந்தா வாங்குகிறீர்களே, அதை நிறுத்துங்கள். 'வராத நம்பர்' பத்தியை எடுத்துவிடுங்கள். பட்டியலின் தலையில் '10,000 கட்டினால் 6,590' என்று ஒரு வரி போடுங்கள்.

இந்தப் புதன்கிழமைக்கே போட முடியும். நான் சொன்னதைத் தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். ஆனாலும் சிவப்புப் பேனாவை மூடவில்லை. உங்கள் பேச்சைத்தான் அவன் கேட்பான்.

அன்புடன்,
உங்கள் பட்டியலை இரவில் உரக்கப் படிக்கக் கேட்கும் ஓர் அறைவாசி