ஆவணப்படச் சுருள்களைக் காப்பாற்ற நன்கொடை வேண்டுகோள்: இன்னும் 1,85,500 ரூபாய் தேவை

அன்புடையீர், வணக்கம்.

நூலக மாடியில் இருக்கும் 40 அறிவியல், பயண ஆவணப்படச் சுருள்களை ஸ்கேன் செய்து கணினிக் கோப்பாக்க மார்ச் 31-க்குள் முழுத் தொகையையும் கட்டியாக வேண்டும். சென்னையில் உள்ள ஸ்கேன் கூடத்தில் நமக்கு ஒதுக்கிய இடம் அதுவரைதான். தவறினால் ஆவணிக்குப் பிறகுதான் அடுத்த வாய்ப்பு. நடுவில் ஒரு கும்பகோணத்துக் கோடை இருக்கிறது. சில சுருள்கள் அதைத் தாண்டாது.

காரணம் இதுதான். எல்லாமே 16 மி.மீ. அகலமுள்ள, அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன பிலிம். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். டப்பாவைத் திறந்தாலே காடி நெடி மூக்கில் ஏறும். வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும், பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். ஒவ்வொரு டப்பாவிலும் அமிலம் காட்டும் சோதனைத் தாளை ஒரு நாள் வைத்துப் பார்த்தோம். நீலத்தாள் 14 டப்பாவில் பச்சையாகிவிட்டது. மூன்றில் அதைவிட மோசம், மஞ்சள். அவற்றைத் தனி அறைக்கு மாற்றியிருக்கிறோம்.

அடுத்தது சுருக்கம். 16 மி.மீ. பிரதியின் ஓரத்தில் வரிசையாகத் துளைகள் உண்டு; நூறு துளை அடங்கும் நீளம் 762 மி.மீ. இருக்க வேண்டும். நம்மிடம் 754 வரை இறங்கியவை உண்டு, அதாவது ஒரு சதவீதம் சுருங்கிவிட்டது. இதைப் பழைய ப்ரொஜெக்டரில் ஏற்றினால் இழுக்கும் நகம் துளையில் சரியாக விழாது, கிழித்துவிடும். "ஒரு தடவை ஓட்டி மொபைலில் பிடித்துக்கொள்ளலாமே" என்று கேட்கும் அன்பர்களுக்கு இதுவே பதில். பல் சக்கரம் இல்லாமல், உருளைகளில் மட்டும் பிலிமை நகர்த்தும் ஸ்கேனர்தான் வேண்டும்.

நம் ஊருக்கும் இந்தக் கலைக்கும் உள்ள உறவைப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அமெரிக்க வானியலாளர் கார்ல் சேகனின் 'காஸ்மாஸ்' தொலைக்காட்சித் தொடர் 1980-ல் வந்தபோது அதன் பத்தாம் பாகத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் இடம்பெற்றது. இரண்டாம் இராசராசன் எடுப்பித்த அந்தக் கற்றளியையும் பொங்கலையும் காட்டி, பிரம்மனின் ஒரு பகலும் இரவும் 864 கோடி ஆண்டு என்று சேகன் உலகத்துக்கே சொன்னார். எத்தனை ஊருக்குக் கிடைக்கும் இந்தப் பேறு!

அதே தொடரின் முதல் பாகத்தில் ஒரு காட்சி. சேகன் கையில் ஒரு அட்டை, அதில் இரண்டு சின்னத் தூண்கள். அட்டை தட்டையாக இருக்கும்போது இரண்டு நிழலும் ஒரே நீளம். மெல்ல வளைக்கிறார், நிழல்கள் வேறுபடுகின்றன. எகிப்தின் சயீனிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே 800 கி.மீ., நிழல் வேறுபாடு ஏழு டிகிரி, வட்டத்தில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. ஆக பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. பழங்காலக் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் போட்ட கணக்கு ஒரு அட்டைத் துண்டில் முடிந்துவிட்டது. இப்போது வரும் படங்களில் கணினி வரைகலைக்குக் குறைவில்லை. ஆனால் அட்டை வளைவதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய்த் தானும் வளைத்துப் பார்க்கும். பழைய ஆவணப்படங்கள் அலுக்காததற்கு எங்களுக்குத் தெரிந்த காரணம் இதுதான்: செய்வதைக் கண்ணெதிரே செய்து காட்டின.

பயணப் படங்களோ உயிரைப் பணயம் வைத்து எடுத்தவை. 1915-ல் தென்துருவப் பயணி ஷாக்கிள்டனின் 'எண்டியூரன்ஸ்' கப்பல் அண்டார்க்டிகாவை ஒட்டிய வெட்டெல் கடல் பனியில் நசுங்கியபோது, ஒளிப்பதிவாளர் பிராங்க் ஹர்லி கப்பலுக்குள் தேங்கிய பனித்தண்ணீரில் இறங்கி நெகட்டிவ் பெட்டிகளை மீட்டார். எல்லாவற்றையும் சுமக்க முடியாது என்பதால் சுமார் 400 கண்ணாடி நெகட்டிவ் தட்டுகளை அங்கேயே உடைத்துப்போட்டு, 120 தட்டுகளையும் சினிமாச் சுருள்களையும் மட்டும் வைத்துக்கொண்டார். 1947-ல் நார்வேப் பயணி ஹெயர்டால் பால்சா மரத் தெப்பத்தில் 101 நாள் பசிபிக்கில் மிதந்தபடி எடுத்ததும் நம்மிடம் இருக்கும் இதே 16 மி.மீ. பிலிம்தான்.

அவற்றைக் காக்க லண்டனிலும் ஆஸ்லோவிலும் காப்பகங்கள் உள்ளன, இணையத்திலும் பார்க்கலாம். நம் பீரோவில் இருப்பவை அப்படியல்ல. பெரும்பாலானவை தமிழ் விளக்கவுரையோடு பள்ளிகளுக்கு வந்த பிரதிகள். அந்தக் குரல் பிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாக, அதாவது ஒலியைப் படமாகப் பதித்த கோடாக, ஓடுகிறது. பிலிம் போனால் குரலும் போயிற்று. பனிக்கடலிலும் ஒருவர் தம் படங்களைக் காப்பாற்றினார்; நாம் நம்முடையதை இரும்பு பீரோவில் வைத்து இழந்தால், நாளை பிள்ளைகள் கேட்கும்போது என்ன பதில் சொல்வோம்?

கணக்கைச் சொல்லிவிடுகிறோம். 40 சுருள், மொத்தம் 32,000 அடி. சுத்தம் செய்து 2கே அளவில் (படத்தின் குறுக்கே சுமார் 2,000 புள்ளி) ஸ்கேன் செய்ய அடிக்கு 15 ரூபாய், ஆக 4,80,000. காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பா 40, தலா 450 வீதம் 18,000. சுருக்காத கோப்பு நிமிடத்துக்கு 18 ஜிபி வரும். தரம் குறையாமல் சுருக்கினாலும் இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டும், 60,000. ஒன்று நூலகத்தில், மற்றது வேறு கட்டடத்தில் இருக்கும். போக்குவரத்தும் காப்பீடும் 12,000. மொத்தம் 5,70,000. இதுவரை சேர்ந்தது 3,84,500.

16 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். ஆகவே 540 ரூபாய் தந்தால் ஒரு நிமிடப் படம் உங்கள் பெயரில் பிழைக்கும். 6,000 தந்தால் பதினோரு நிமிடச் சுருள் ஒன்று முழுதாக.

இதுவரை கொடுத்த கைகளுக்கு எப்படி நன்றி சொல்வது! பெயர் போடக் கூடாது என்று சொல்லி ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே தந்த ஆசிரியை, நெசவுத் தெருவில் வீடு வீடாக ஏறி வசூலித்த இளைஞர்கள், உண்டியலை உடைத்துச் சில்லறையாகவே கொண்டுவந்த ஏழாம் வகுப்பு மாணவிகள், வெளிநாட்டிலிருந்து இரண்டு தவணை அனுப்பிய முன்னாள் மாணவர்கள், பழைய ஒட்டுகளில் கசிந்த பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புது ஒட்டுப் போட்டுத் தந்துவிட்டுக் கூலி வாங்க மறுத்த ப்ரொஜெக்டர் மெக்கானிக், அனைவருக்கும் ஐராவதேசுவரர் அருள் துணை நிற்கட்டும். தருவதாகப் பட்டியலில் பெயர் எழுதிவிட்டு இன்னும் தராத 31 அன்பர்களுக்கும் ஒரு நினைவூட்டல். உங்கள் வாக்கை நம்பித்தான் முன்பணம் கட்டினோம்.

வீட்டுப் பரணில் பிலிம் டப்பா இருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். இறுக்கிச் சுற்றவோ ஃபிரிட்ஜில் அப்படியே வைக்கவோ வேண்டாம், வெளியே எடுக்கும்போது ஈரம் கோத்துவிடும். நிழலான இடத்தில் டப்பாவைப் படுக்கவைத்துவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள்.

நூலக முன்மேசையில் காலை 9 முதல் இரவு 7 வரை ரசீது போடப்படும். வரவு செலவு ஒவ்வொரு ஞாயிறும் வாசல் பலகையில் ஒட்டப்படும். சேர்ந்த தொகை போதாவிட்டால், மஞ்சள் காட்டிய மூன்றும் பச்சை காட்டிய பதினான்கும் முதலில் சென்னைக்குப் போகும். மற்றவை காத்திருக்கும்.

இப்படிக்கு,
ஆவணப்படப் பாதுகாப்புக் குழுவினர்